கல்லூரி நிதியுதவிப் பிரிவு ஜன்னலில் இருந்த அம்மாவுக்கு

உங்கள் பெயர் தெரியாது. தமிழ் பேசுவீர்கள் என்று நீங்கள் உதவிய மாணவி சொன்னதால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

மெக்சிகோவில் பிறந்து, கலிபோர்னியாவில் பள்ளி முடித்த பெண். குடியேற்ற ஆவணம் இல்லை. வெளிமாநிலக் கட்டணம் போட்ட பில்லோடு, படிப்பை விட்டுவிடுவதாகச் சொல்லத்தான் வந்தாள். நீங்கள் பில்லைப் பார்த்துவிட்டு, "ஏபி 540 உறுதிமொழிப் படிவம் கொடுத்தாயா?" என்று கேட்டிருக்கிறீர்கள். குடியேற்ற ஆவணம் இல்லாவிட்டாலும், கலிபோர்னியாவில் படித்தவர்கள் உள்மாநிலக் கட்டணம் கட்டினால் போதும் என்கிற சட்டம்தான் ஏபி 540. மாநில நிதியுதவி கேட்கும் கலிபோர்னியா ட்ரீம் ஆக்ட் விண்ணப்பம் போட்டாலே போதும் என்று அவள் நினைத்திருந்தாள். பலரும் தடுக்கி விழும் இடம் அது. அப்போதைய விதிப்படி விண்ணப்பம் மாநில மாணவர் உதவி ஆணையத்துக்கு, உறுதிமொழி கல்லூரிக்குப் போக வேண்டியிருந்தது; இரண்டாவது இல்லாமல் உள்மாநிலக் கட்டணம் கிடைக்கவில்லை. 2001 முதல் சட்டம் இருந்தும் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

அதோடு விடவில்லை நீங்கள். ட்ரீம் ஆக்ட் விண்ணப்பத்தில் சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்கும் கட்டத்தில் வருமானவரி எண்ணை எழுதாதே, காலியாக விடு என்றீர்கள். 'கால் கிராண்ட்' என்ற மாநில உதவித்தொகைக்கான பள்ளி மதிப்பெண் ஏன் அவள் விண்ணப்பத்தோடு சேரவில்லை என்றும் தேடினீர்கள். பள்ளிப் பதிவில் இரண்டு குடும்பப் பெயர், விண்ணப்பத்தில் ஒன்று! சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர்களுக்குப் பெயரும் பிறந்த தேதியும் வைத்துத்தானே பொருத்துகிறார்கள். பள்ளிக்கு நீங்களே போன் செய்து திருத்த வைத்தீர்கள்.

நாட்டில் சட்டப்படி தங்கும் வதிவுரிமை பற்றி அவள் கேட்டபோது பொய் நம்பிக்கை தரவில்லை. கட்டணச் சலுகை வேறு, வதிவுரிமை வேறு என்று சொல்லி, வழக்கறிஞர் போல நடிக்கும் 'நொத்தாரியோ' தரகர்களிடம் பணம் கட்டாதே என எச்சரித்து, இலவசச் சட்ட உதவிக்கு அனுப்பினீர்கள்.

மிக்க நன்றிம்மா. இதே சிக்கலோடு இன்னொரு பையன் இருக்கிறான். எந்தக் கிழமை ஜன்னலில் இருப்பீர்கள்?