பாரிமுனை கெமிக்கல் கடை அண்ணன்களுக்கு

அண்ணன்மார்களே, வணக்கம்.

கொருக்குப்பேட்டையிலிருந்து மாசம் ரெண்டு தடவை உங்கள் கடைகளுக்குக் காலி கேனோடு வரும் மகளிர் குழுக்காரி எழுதுகிறேன். பாத்திரம் துலக்கும் லிக்விட் போட்டு விற்கிறோம். மிஞ்சும் சரக்கில் வீட்டுக்கு ஷாம்புவும் கலக்கிக்கொள்வோம்.

நுரைக்கு அடிப்படையாய்ப் போடும் எஸ்எல்இஎஸ்ஸோடு (சோடியம் லாரெத் சல்பேட்) துணை நுரைப்பொருளான சிஏபிபி (கோகாமிடோபுரோப்பைல் பீட்டைன்) சேர்த்தால் நுரை கூடும், எஸ்எல்இஎஸ்ஸின் கடுமை தணியும், கொஞ்சம் உப்புக்கே லிக்விட் கெட்டிப்படும். உப்பு அதிகமானால் திரும்பத் தண்ணீராய் ஓடும். அந்தப் பாடத்துக்கு நாங்கள் ஒரு டிரம் சரக்கைத் தண்டம் அழுதது தனிக்கதை.

"தேங்காய் எண்ணெயில வர்றதும்மா, ஒண்ணும் பண்ணாது" என்று சிஏபிபி பற்றி நீங்கள் சொன்னதைத்தான் நானும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். போன ஆடியில் என் சின்ன நாத்தனாருக்கு விரலிடுக்கில் அரிப்பு வந்தது. அப்புறம் பொடிக் கொப்புளம், வெடிப்பு. குழம்புச் சோற்றைக் கையால் பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டாள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, தோல் டாக்டர் அவள் முதுகில் பல ரசாயனங்களைச் சின்னச் சின்னதாய் ஒட்டி, இரண்டு நாள் நனைக்காதே என்று அனுப்பினார். பிரித்துப் பார்த்தால் சிஏபிபி வைத்த இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது.

தேங்காய் மேல் பழி போடவில்லை. அதன் கொழுப்பு அமிலத்தை டிஎம்ஏபிஏ என்ற அமீன் வகை ரசாயனத்தோடு சேர்த்து, பிறகு குளோரோ அசிட்டிக் அமில உப்போடு வினைபுரிய வைத்துத்தான் சிஏபிபி செய்கிறார்கள். வேலை அரைகுறையாய் முடிந்தால் அந்த அமீனும், நடுவில் உண்டாகும் அமிடோஅமீனும் சரக்கிலேயே தங்கிவிடும். ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் அவைதான் காரணம் என்கிறார்கள். அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் ஒன்று 2004இல் சிஏபிபியை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாகவே அறிவித்தது. சுத்தமாய்த் தயாரித்த சரக்கு மென்மையானதுதான். பலருக்கும் ஒன்றும் செய்யாது.

எது எந்தச் சரக்கு என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? டிரம்மில் கம்பெனி பெயர், பேட்ச் நம்பர், தேதி எல்லாம் இருக்கிறது. எங்கள் ஐந்து லிட்டர் கேனில் மார்க்கரால் 'சி' என்று ஒற்றை எழுத்து. ஈரக் கை பட்டால் அதுவும் போச்சு.

முழுப்பெயர், கம்பெனி, பேட்ச், தேதி, சரக்கில் சிஏபிபி எத்தனை சதவீதம் என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுங்கள். சாதாரணமாக 30 சதவீதம் என்கிறார்கள்; கேனில் இருப்பதும் அதுதானா என்று தெரிய வேண்டும். மிச்ச அமீன் அளவு போட்ட டெஸ்ட் ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் அனுப்புங்கள். போன தடவை கேட்டபோது ஒரு கடையில், "பாத்திரம் கழுவுறதுக்கு ரிப்போர்ட்டா?" என்று சிரித்தார்கள். கழுவுகிற கை எங்களுடையது, அண்ணே.

வர்ற செவ்வாய்க்கிழமை கேனைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவருகிறேன். ஸ்டிக்கர் ஒட்ட வசதியாக இருக்கும்.