நாற்று விற்றுப் பள்ளிக்குப் பணம்: ஸ்கார்பரோவிலிருந்து சித்தப்பாவுக்கு

ஸ்கார்பரோ, டொரன்டோ, கனடா,
மே 26

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். சித்திக்கு முட்டிவலி குறைந்திருக்கிறதா? இங்குள்ள பள்ளிகளில் செடி விற்றுப் பணம் சேர்ப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். நாற்றங்கால் போட்டுப் பழகிய உங்களுக்கு மேலோட்டமாக எழுதினால் போதாது, விவரமாகவே எழுதுகிறேன்.

இங்கே முதல் கணக்கு உறைபனி. டொரன்டோ பக்கம் மே நடுப்பகுதி வரை இரவில் பனி உறையலாம். மே 25க்கு முந்தைய திங்கட்கிழமை விக்டோரியா தினம், விடுமுறை. அதை ஒட்டித்தான் தக்காளியை மண்ணில் இறக்குவார்கள். ஆனால் பூத்தொட்டி நன்றாகப் போவது மே இரண்டாம் ஞாயிறு வரும் அன்னையர் தினத்துக்கு. எல்லாவற்றையும் ஒரே நாளில் விற்கப் பார்த்தால் ஒன்று கெடும். அதனால் தொங்குதொட்டி, ஜெரேனியம் எல்லாம் அன்னையர் தினத்துக்கு முந்தைய வியாழன், வெள்ளியில் கொடுப்பதுதான் சரி. குளிர்ந்தால் வாங்கியவர்கள் இரவில் உள்ளே எடுத்து வைத்துக்கொள்வார்கள். தக்காளி, மிளகாய், இங்கே பேசில் என்று சமையலுக்குப் போடும் திருநீற்றுப்பச்சை, இவை விக்டோரியா தின வாரத்துக்கு. திருநீற்றுப்பச்சை 10 டிகிரிக்குக் கீழே போனாலே இலை கருக்கத் தொடங்கும்.

பூத்தொட்டிகளைப் பள்ளியில் வளர்க்க வேண்டியதில்லை. மார்ச்சிலேயே ஆர்டர் தாள் பிள்ளைகளிடம் கொடுத்து, பணத்தையும் அப்போதே வாங்கிவிட வேண்டும். ஏப்ரலில் கூட்டிப் பார்த்து மொத்த வியாபாரம் செய்யும் பசுமைக்குடிலுக்கு எண்ணிக்கை சொல்லலாம். ஒரு தொட்டி 12 டாலருக்கு வந்து 18க்குப் போகிறது என்று வையுங்கள். 200 தொட்டிக்கு லாபம் 1,200 டாலர். ‘எப்படியும் போய்விடும்’ என்று கூடுதலாக 50 எடுத்து அது தேங்கினால் 600 டாலர், அதாவது பாதி லாபம், அங்கேயே போச்சு. ஆர்டருக்கு மேல் ஒரு தொட்டிகூட எடுக்கக் கூடாது என்பதுதான் என் கருத்து.

காய்கறி நாற்றுதான் பிள்ளைகள் கையால் வளர்வது. மிளகாய் விதைப்பு மார்ச் தொடக்கம், தக்காளி ஏப்ரல் தொடக்கம், வெள்ளரி ஏப்ரல் கடைசி. வெள்ளரியின் வேரை அசைத்தால் பிடிக்காது, நேராகச் சிறு தொட்டியிலேயே ஊன்ற வேண்டும். குழித்தட்டு நம் ஊரில் உள்ளது போலத்தான். மண்ணுக்குப் பதில் தட்டில் நிரப்பும் ஊடகம் மட்டும் தென்னை நார்க்கழிவாக இல்லாமல் பெரும்பாலும் பீட் பாசி, அதாவது சதுப்பு நிலத்தில் மட்கிய பாசி. காய்ந்த பீட் தண்ணீரைக் குடிக்காது, மேலேயே உருட்டிவிடும். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி மாவு போலப் பிசைந்து, ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் வடியக் கூடாது.

இதில் கோட்டை விட்டால் நாற்றழுகல்தான். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல் போல மெலிந்து, காலையில் நின்ற நாற்று மாலையில் படுத்துவிடும். அதிகத் தண்ணீர், காற்றோட்டமின்மை, கழுவாத பழைய தட்டு, மூன்றும் காரணம். தட்டின் அடியில் தண்ணீர் விட்டு, அரைமணி கழித்து மிச்சத்தைக் கொட்டிவிடுவது நல்லது. ஈரம் நின்றால் சின்னக் கறுப்பு ஈயும் வரும். அதற்கு மஞ்சள் ஒட்டுப்பொறி.

சன்னல் வெளிச்சம் இங்கே மார்ச்சில் போதாது, நாற்று கொடி போல நீண்டுவிடும். குழல் விளக்கை இலைக்கு மேல் 5 முதல் 8 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டு, நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிட வேண்டும். செடி வளர வளர விளக்கும் ஏற வேண்டும். நாற்று சாவது பெரும்பாலும் மார்ச் நடுவில் பள்ளிக்கு வரும் ஒரு வார விடுமுறையில். தண்ணீர் ஊற்ற இன்னார் என்று முன்னமே பெயர் எழுதி வைக்காவிட்டால் மிளகாய் முழுக்கக் காய்ந்துவிடும்.

பெயர்ச்சீட்டை விதையோடு சேர்த்தே குத்த வேண்டும், பென்சிலால். மை வெளுத்துவிடும். தக்காளி நாற்றைப் பார்த்து ரகம் சொல்வது பெரும்பாலும் முடியாது.

விற்பனைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு நாற்றைக் கடினப்படுத்த வேண்டும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயிலும் காற்றும். அவசரப்பட்டால் இலை வெள்ளையாக வெந்துவிடும். இரவில் திடீர்க் குளிர் வந்தால் பழைய படுக்கை விரிப்பால் மூடலாம். பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும்.

பெற்றோர் தங்கள் தோட்டத்துச் செடியைப் பிரித்துக் கொண்டுவந்து தருவதுண்டு. நல்ல மனசுதான், ஆனால் எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் மண்ணைக் கெடுக்கும் ‘குதிக்கும் மண்புழு’ இப்படிச் செடியோடு வரும் மண்ணிலும் பரவி வருகிறது. அது இருக்கும் மண் காப்பிப்பொடி போல உதிரியாக இருக்கும். வேரில் மண் இல்லாமல் கழுவி, புது ஊடகத்தில் நட்டால்தான் விற்கலாம்.

கொடுக்கும் நாளில் ஆர்டர்களை எண் போட்டு அடுக்க வேண்டும். குடும்பப் பெயரால் அடுக்கினால், அம்மா பெயர் வேறு, பிள்ளை பெயர் வேறு என்று பாதிப் பேருக்குத் தேடல்தான். தட்டுகளுக்கு முதல் நாள் மாலையே தண்ணீர். காலையில் விட்டால் கனம் தாங்காமல் தட்டு நடுவில் மடியும்.

நம் ஊர்ப் பள்ளிக்குச் செய்வதானால் பனிக்குப் பதில் ஆடியை வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் மிளகாய், கத்தரி, இரண்டு வாரம் கழித்துத் தக்காளி. ஜூலை கடைசியில் மூன்றும் நடவுக்குத் தயார். ஆனால் ஆர்டர் தாள் முதல் வாரமே போகட்டும். எத்தனை பிள்ளைகள், நிழல்வலை எத்தனை அடிக்கு இருக்கிறது என்று எழுதுங்கள், தட்டுக் கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
செல்வி