குயிலைக் குறை சொல்லுமுன் ஆய்வாளர்களையும் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடியுமுன்னே கூவும் குயிலால் தூக்கம் கெடுகிறது, மரங்களை வெட்டுங்கள், பறவைகளைப் பிடித்துக்கொண்டு போங்கள் என்று சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைகளில் எழும் புகார்களைப் பல ஆண்டுகளாகவே செய்திகளில் படித்து வருகிறேன். இரவு வேலை முடிந்து வந்து படுப்பவர்களின் சிரமம் எனக்குப் புரிகிறது. ஆனால் இத்தனை குயில்கள் இங்கே எப்படி வந்தன என்று அந்தச் செய்திகளில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. உயர்நிலைப் பள்ளியில் பல்லாண்டுகள் உயிரியல் கற்பித்தவள் நான். நம் தீவில் நடந்த ஆய்வுகளிலேயே இதற்குப் பதில் இருக்கிறது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடும் என்பது தமிழர்களுக்குப் புதிய செய்தி அல்ல. ஆனால் இங்கே நாம் நாள்தோறும் பார்க்கும் வீட்டுக்காகம் இந்த மண்ணின் பறவை இல்லை. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில், காப்பித் தோட்டங்களில் புழுத் தொல்லையைக் குறைப்பதற்காக அது இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளான் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டது. துறைமுகம் துறைமுகமாகக் கப்பலேறிப் பரவும் பழக்கமும் அதற்கு உண்டு. சிங்கப்பூரில் 1940களில் தென்படத் தொடங்கியது. பிறகு நகரம் வளர வளர அதுவும் பெருகியது. அதுவரை வலசைக் காலத்தில் வந்துபோகும் விருந்தாளியாக இருந்த குயில், 1980களிலிருந்து இங்கேயே முட்டையிடத் தொடங்கியது. முட்டையிடக் காகக் கூடுகளும், தின்ன நாம் வளர்த்த பூங்காக்களின் பழமரங்களும் இருக்கும்போது அது ஏன் திரும்பிப் போக வேண்டும்? காகத்தை வரவழைத்தது மனிதர்கள். குயில் அந்தக் காகத்தைத் தொடர்ந்து வந்தது.

இந்த இரு பறவைகளின் உறவைப் பரிணாம ஆய்வாளர்கள் ஏன் இவ்வளவு உன்னிப்பாகக் கவனிக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். குயிலின் முட்டை காகத்தின் முட்டையைவிடச் சிறியது. ஆனாலும் நிறத்திலும் புள்ளிகளிலும் அதை ஒத்திருக்கும். சில வேளைகளில் கரிய ஆண் குயில் காகங்களைச் சீண்டித் தன் பின்னால் துரத்த வைக்கும்; அந்த இடைவெளியில் புள்ளிகள் நிறைந்த பழுப்பு நிறப் பெண் குயில் கூட்டுக்குள் போய் முட்டையிட்டுவிடும். குயில் குஞ்சு காகக் குஞ்சுகளுக்கு ஏறக்குறைய மூன்று நாள் முன்பே பொரிந்து, ஊட்டும் இரையில் முதல் பங்கைப் பெற்றுவிடும். ஐரோப்பியக் குயிலின் குஞ்சோ பிறந்த சில நாள்களிலேயே கூட்டிலுள்ள மற்ற முட்டைகளை முதுகில் சுமந்து வெளியே தள்ளிவிடும். நம் குயிலின் குஞ்சு பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. காகத்தின் கூடு ஆழமானது, அதன் முட்டையும் பெரியது. பிறந்த குஞ்சு அதைத் தள்ள முயன்றால் வலுவிழக்கும், தானே தவறி விழவும் கூடும். தள்ளுவதால் வரும் நன்மையைவிட ஆபத்து மிகுதியாக இருந்ததால் அந்தப் பழக்கம் இங்கே நிலைபெறவில்லை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இயற்கைத் தேர்வைப் பற்றி ஒரு வகுப்புக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா? பாடப்புத்தகமோ டார்வின் சேகரித்த கலாபகோஸ் தீவுக் குருவிகளிடம்தான் போகிறது. நம் மாணவர்களுக்கு இந்தப் பாடம் புளோக்கின் கீழே நிற்கும் மரத்திலேயே நடக்கிறது.

இந்த அறிவால் நடைமுறைப் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பஞ்சாபில் பிறந்து சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் நவ்ஜோத் சோதியும் அவருடைய குழுவினரும் 2000களின் தொடக்கத்தில் இங்குள்ள காகங்களை ஆராய்ந்தார்கள். அடர்ந்த தழையுள்ள மரங்களையும், மனிதர் விட்டுச்செல்லும் உணவு எளிதில் கிடைக்கும் இடங்களையும் காகம் தேடிக் கூடு கட்டுகிறது என்பது அதில் தெரிந்தது. அப்படியென்றால் காகத்தைக் குறைக்க நம் கையிலிருக்கும் வழி, மூடாத குப்பைத்தொட்டியும் உணவங்காடி மேசையில் விட்டுச்சென்ற தட்டும் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான். காகம் குறைந்தால் குயிலுக்குக் கூடு குறையும். ஒரு மரத்தை வெட்டினால் இரண்டும் அடுத்த மரத்துக்குப் போகும், அவ்வளவே. 2011இல் சோதி மறைந்தபோது அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. வெப்பமண்டலக் காடுகளின் அழிவைப் பற்றி உலகமே கவனித்த ஆய்வாளர் அவர். அவர் பெயரை நம் தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

நம் சமூகத்திடமும் இதைப் பேச வேண்டியிருக்கிறது. அமாவாசையன்று காகத்துக்குச் சோறு வைப்பது முன்னோர் நினைவாக நம் வீடுகளில் வரும் வழக்கம். அதன் பின்னாலுள்ள அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் 2020 ஜூன் முதல் இங்கே காட்டுயிர்களுக்கு உணவளிப்பது சட்டப்படி குற்றம். சட்டத்தை மட்டும் சொன்னால் பெரியவர்களுக்கு மனம் வருந்தும். காகம், குயில், பேட்டை மூன்றுக்கும் உள்ள தொடர்பைத் தமிழில் எடுத்துச் சொன்னால், படையலை வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்ள அவர்களே முன்வருவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

குயில் ஓர் எடுத்துக்காட்டுதான். 1854இல் ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் இங்கு வந்திறங்கி, புக்கிட் தீமா வட்டாரத்தில் ஏறத்தாழ இரண்டே மாதங்களில் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். நான்கு ஆண்டுகள் கழித்து டார்வினின் கட்டுரையோடு சேர்த்து லண்டனில் வாசிக்கப்பட்டது, இயற்கைத் தேர்வைப் பற்றி வாலஸ் எழுதிய கட்டுரை. அந்த மரபு இங்கே அறுந்துவிடவில்லை. நம் காடுகளில் வாழும் ராஃபிள்ஸ் லங்கூர் குரங்குகள் நூறுகூட இல்லை. அவற்றைப் பிடிக்காமல், கீழே விழுந்த எச்சத்திலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து, அது தனியொரு இனம் என்று 2020இல் நிறுவினார்கள். பூச்சிகளைத் தம் குடுவைக்குள் விழவைத்துச் செரிக்கும் நம் குடுவைத் தாவரங்களுக்குள் ஒரு வகை நண்டுச் சிலந்தி வாழ்கிறது. அது பிடித்த பூச்சியின் சாற்றை உறிஞ்சிவிட்டு மிச்சத்தைக் குடுவைக்குள் போட, செடி அதைச் செரித்துக்கொள்கிறது. திருடன் என்று எண்ணத் தோன்றும் அந்தச் சிலந்தியால் செடிக்கு ஊட்டம் கூடுகிறது என்பதைக் கண்டறிந்ததும் இவ்வூர் ஆய்வாளர்களே.

இத்தகைய ஆய்வுக்குப் பொறுமை வேண்டும், பழைய பதிவுகளும் வேண்டும். 2023இல் வெளியான ஓர் ஆய்வு, 200 ஆண்டுகளில் சேர்ந்த 50,000க்கும் மேற்பட்ட பதிவுகளை அலசி, இத்தீவின் உயிரினங்களில் ஏறத்தாழ 37 விழுக்காடு அழிந்துவிட்டதாகக் கணித்தது. யாரோ ஒருவர் எப்போதோ ஒரு பூச்சியைப் பிடித்து, தேதியும் இடமும் எழுதி அரும்பொருளகத்தில் வைத்திராவிட்டால் இந்தக் கணக்கே இல்லை. 1986இல் புக்கிட் தீமா விரைவுச்சாலை காட்டை இரண்டாகப் பிளந்தது. 2013இல் அதன்மேல் 62 மீட்டர் நீளத்தில் விலங்குகளுக்கெனப் பாலம் கட்டினோம். பிரிந்துபோன விலங்குக் கூட்டம் நாளடைவில் நலிந்துபோகும் என்பதை ஆய்வுகள் காட்டியதால்தான் அந்தப் பாலத்துக்குப் பணம் ஒதுக்க முடிந்தது.

ஆசிரியர் அவர்களே, உங்கள் அறிவியல் பக்கத்தில் கைப்பேசியும் செயற்கை நுண்ணறிவும் மருத்துவமும் நிறைய வருகின்றன, அவை வேண்டியவையே. மாதம் ஒரு முறையாவது இந்தத் தீவின் உயிரினங்களைப் பற்றிய ஓர் ஆய்வையும் தமிழில் வெளியிடுங்கள். பறவை, குரங்கு, நீர்நாய் பற்றிய புகார்ச் செய்தி வரும்போது குடியிருப்பாளரோடும் நகர மன்றத்தோடும் நிறுத்திவிடாமல், அந்த உயிரினத்தை ஆராய்ந்தவரிடமும் கருத்துக் கேட்டு வெளியிடுங்கள். தொடக்கக் கல்லூரியில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு மருத்துவர் ஆவதைத் தவிர இப்படியும் ஒரு வாழ்க்கை இருப்பது பெற்றோர் படிக்கும் பத்திரிகை வழியாகத் தெரியட்டும். ஆய்வுக் கட்டுரைகளை எளிய தமிழில் சுருக்கித் தர ஆள் வேண்டுமென்றால், நானும் என் முன்னாள் மாணவர்கள் சிலரும் ஊதியம் எதுவும் இல்லாமல் செய்து தரத் தயாராக இருக்கிறோம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
ஈசூன்