வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கடந்த பொதுக்குழுவில் முடிவானபடி, இந்த ஆண்டுக் கூட்டங்களை அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களுக்கே ஒதுக்கினோம். பன்னிரண்டு கூட்டம் என்று திட்டம், நடந்தது ஒன்பது. தேர்வுக் காலத்தில் இரண்டு மாதம் மண்டபம் கிடைக்கவில்லை. அப்புறம் ஒரு மாதம் நானே மறந்துவிட்டேன்.

கூட்டம் அதிகம் சேர்ந்தது ஜேக்கப் லாரன்ஸுக்கு. நிறவெறிக்கும் கும்பல் கொலைக்கும் தப்பித் தெற்கிலிருந்து வடக்கு நகரங்களுக்கு ரயிலேறிய கறுப்பின மக்களின் கதையை 1940-41இல் 60 பலகைகளில் வரைந்தவர். முடித்தபோது வயது 23. அறுபதுக்கும் வண்ண நகல் எடுத்து, கொடி கட்டித் துணி கிளிப்பில் தொங்கவிட்டோம். பெயர்ப்பலகை எழுதும் நம் உறுப்பினர் ஒருவர் முதலிலிருந்து கடைசிவரை நடந்து பார்த்துவிட்டு, "எல்லாத்துலயும் ஒரே டப்பா மஞ்சள்" என்றார். சரியாகப் பிடித்துவிட்டார். லாரன்ஸ் ஒரு நிறத்தைக் குழைத்தால், அது வரவேண்டிய பலகைகளில் எல்லாம் பூசிவிட்டுத்தான் அடுத்த நிறத்துக்குப் போவாராம். பிறகு நடந்தது பாகப்பிரிவினை: ஒற்றைப்படைப் பலகைகள் வாஷிங்டனின் பிலிப்ஸ் கலெக்‌ஷனுக்கு, இரட்டைப்படை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு. தொடர்கதையை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

1939இல் நியூயார்க்கின் கஃபே சொசைட்டி இரவு விடுதியில் பாடகி பில்லி ஹாலிடே 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' பாடும்போது பரிமாறுவது நின்றுவிடும், விளக்குகள் அணையும், அவர் முகத்தில் மட்டும் வெளிச்சம். அடித்துக் கொன்று மரத்தில் தொங்கவிடப்பட்ட கறுப்பர்களைப் பற்றிய பாட்டு அது. கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் பதிவு செய்ய மறுக்க, கொமடோர் என்ற சின்ன நிறுவனம் வெளியிட்டது. நாமும் விளக்கை அணைத்துத்தான் கேட்டோம். ஃபியூஸ் போய்விட்டதென்று மண்டப வாட்ச்மேன் டார்ச்சோடு ஓடிவந்தார். வந்தவர் வாசலிலேயே நின்று முழுவதும் கேட்டார். "எழவு வீட்டுப் பாட்டு மாதிரி இருக்கே சார்" என்றார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

புகைப்படக் கலைஞர் கார்டன் பார்க்ஸுக்கு நேரம் போதவில்லை. வாஷிங்டன் அரசு அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்த பெண்மணியை, 1942இல் தேசியக் கொடிக்கு முன்னால் துடைப்பத்தோடு நிறுத்தி அவர் எடுத்த ஒரே படத்தோடு கூட்டம் முடிந்துபோனது. மற்ற ஆறு கூட்டங்களும் சுமாராக நடந்தன.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வண்ண நகல் செலவு கையை மீறிப் போனது என் தவறு.

வரும் ஆண்டை எலிசபெத் காட்லெட்டின் லினோகட் அச்சுப் படங்களோடு தொடங்கலாம் என்பது செயற்குழுவின் யோசனை. நாமே ஒன்று செதுக்கி அச்சிட்டுப் பார்க்க லினோலியம் துண்டும் செதுக்குக் கத்தியும் வாங்க வேண்டும். சந்தா பாக்கி உள்ள பதினோரு பேரும் இன்றே கட்டிவிட்டால் கடைக்குப் போய்விடுவேன்.

செயலாளர்