ஆமை வாங்குமுன் குளம் கட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் வண்ணமீன் கடைகளில் பச்சைக் குட்டி ஆமைகளின் விற்பனை சூடுபிடிக்கும். உள்ளங்கையில் நான்கு அடங்கும் அளவு, கண்ணுக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கோடு. கூடவே ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் அதன் நடுவே ஒரு பிளாஸ்டிக் தென்னை மரமும் தருவார்கள். 'இதுக்கு மேல வளராது' என்ற உறுதிமொழியும் சேர்ந்து வரும். அந்த உறுதிமொழி பொய். பிள்ளைகளுக்கு ஆமை வாங்கித்தர நினைக்கும் பெற்றோரும், ஏற்கெனவே வாங்கிவிட்டு விழிப்பவர்களும் அறிந்துகொள்ளட்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

கடையில் 'ரெட் இயர்ட் ஸ்லைடர்' என்று சொல்லப்படும் இந்தச் செங்காது ஆமை அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தது. பெண் ஆமையின் ஓடு 25 முதல் 30 செ.மீ. வரை வளரும்; ஆண் 20 செ.மீ.க்குள் நின்றுவிடும். ஒழுங்காக வளர்த்தால் 30 ஆண்டுகள் இருக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கித்தந்த ஆமைக்கு, அந்தப் பிள்ளையின் பிள்ளை தீனி போடும். ஓடு 10 செ.மீ. ஆகும்வரை ஆணா பெண்ணா என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. பிறகு முன்கால் நகங்கள் நீண்டு, வால் தடித்து நீண்டால் ஆண். கடைக்காரர் 'ஜோடி' என்று விற்பதை நம்ப வேண்டாம்.

நம் ஊர் ஆமைகளை வளர்ப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். நட்சத்திர ஆமை, கிணற்றிலும் வயலிலும் காணப்படும் பால் ஆமை ஆகியவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மழைக்காலத்தில் வாசலுக்கு ஊர்ந்து வந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

வாங்குவது என்று முடிவெடுத்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. குளிர்நாடுகளில் ஆமை வளர்ப்பவர்கள் புற ஊதாக்கதிர் விளக்கு, வெப்ப விளக்கு, நீர் சூடாக்கி என்று செலவழித்து உண்டாக்குவதை நம் கொல்லைப்புறம் இலவசமாகத் தருகிறது. ஆமையின் உடல் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தை ஏற்று ஓட்டைக் கெட்டிப்படுத்த வைட்டமின் டி வேண்டும். அதற்கு நேரடி வெயில் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் வெளிச்சம் தருமே தவிர, தேவையான கதிரைத் தராது. வரவேற்பறைக் கண்ணாடித் தொட்டியில் வளரும் ஆமைகளுக்கு ஓடு மெத்தென்று ஆவதும் விளிம்பு மேல்நோக்கி வளைவதும் பெரும்பாலும் இதனால்தான்.

தொட்டியின் அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. ஓட்டின் ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் 40 லிட்டர் தண்ணீர். அதாவது வளர்ந்த பெண் ஆமை ஒன்றுக்கு 400 லிட்டராவது வேண்டும். இரண்டு ஆமைகளுக்கு 6 அடி நீளம், 4 அடி அகலத்தில் செங்கல் தொட்டி கட்டி, ஒன்றரை அடி உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினால் ஏறக்குறைய 1,000 லிட்டர் பிடிக்கும். அதை ஒட்டியே 4 அடிக்கு 3 அடி மண்தரை விட வேண்டும். தண்ணீரிலிருந்து மண்தரைக்கு ஏற, சொரசொரப்பாகப் பூசிய சரிவு தேவை. வழவழப்பாகப் பூசினால் ஏறிச் சறுக்கி அடிவயிற்று ஓடு தேய்ந்து புண்ணாகும். எல்லாவற்றையும் சுற்றி 2 அடி உயரச் சுவர், அதன் மேல்விளிம்பில் உள்பக்கமாக நான்கு அங்குலம் நீட்டிய பலகைக்கல். ஆமை மெதுவானது என்று நினைத்துச் சுவரைக் குட்டையாக விடுபவர்கள் மறுநாள் காலையில் தெருவில் தேடுவார்கள். மூலையில் நகத்தை ஊன்றி அது நன்றாகவே ஏறும்.

செலவைக் குறைக்க நினைப்பவர்கள் 4 அடி விட்டமுள்ள கிணற்று உறைகள் மூன்றை அடுக்கி, ஒன்றைப் பூமிக்குள் இறக்கித் தளம் போட்டுக்கொள்ளலாம். மண்ணுக்குள் இருக்கும் உறை கோடையில் தண்ணீரைக் குளுமையாக வைக்கும். ஆனால் இது ஆண் ஆமைக்குத்தான் ஏற்றது. பெண்ணுக்கு மண்தரை இல்லாமல் ஆகாது. காரணம் கீழே வருகிறது. உறைக்குள் வெயில் காய மிதக்கும் மரக்கட்டையோ, இரு பக்கமும் தாங்கி நிற்கும் கடப்பாக்கல்லோ வேண்டும்.

தளத்தை ஒரு மூலை நோக்கிச் சரிவாக அமைத்து, அங்கே 2 அங்குல பி.வி.சி. குழாயைத் தரைக்கடியில் வெளியே கொண்டுபோங்கள். குழாயின் வாயில் தண்ணீர் நிற்க வேண்டிய உயரத்துக்கு ஒரு நெட்டுக் குழாயைப் பசை போடாமல் செருகி, அதன் தலையில் கம்பிவலை மூடி போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டத்துக்கு மேல் ஏறும் தண்ணீர் அதன் வழியே தானாக வடிந்துவிடும். மழையில் தொட்டி நிரம்பி ஆமை வெளியேறிவிட்டது என்று கேள்விப்படும் வீடுகளில் எல்லாம் இந்த ஒரு குழாய்தான் இருப்பதில்லை. சுத்தம் செய்யும் நாளில் நெட்டுக் குழாயைப் பிடுங்கினால் அடியில் தங்கிய கசடு முதலில் போகும். அந்தத் தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் திருப்பிவிடுங்கள், அவ்வளவு நல்ல உரம் வேறில்லை; கீரைப்பாத்திக்கு மட்டும் வேண்டாம்.

புதுச் சிமெண்டுத் தொட்டியில் உடனே ஆமையை விடக்கூடாது. சுண்ணாம்பு கரைந்து தண்ணீர் காரமாகிக் கண்ணையும் தோலையும் அரிக்கும். தண்ணீர் நிரப்பி, வாழைத்தண்டைத் துண்டுபோட்டு ஊறவைத்து, நான்கைந்து நாளுக்கு ஒருமுறை மாற்றி, மூன்று வாரம் விட வேண்டும். தண்ணீரின் காரத்தை அளக்க வண்ணமீன் கடையில் கிடைக்கும் பி.எச். தாள் 8க்குக் கீழே காட்டினால் தயார்.

தொட்டிக்குக் கிழக்கு வெயில் உத்தமம். காலை ஏழு முதல் பத்து வரை வெயில் விழட்டும். உச்சிவேளைக்குள் பாதித் தொட்டிக்கு நிழல் வந்துவிட வேண்டும். மரநிழல் இல்லாவிட்டால் பச்சை நிழல்வலை கட்டுங்கள். தண்ணீர் 24 முதல் 28 டிகிரி வரை இருந்தால் ஆமை சுகமாக இருக்கும். அக்னி நட்சத்திரத்தில் நிழலற்ற ஆழமில்லாத தொட்டி 40 டிகிரியை நெருங்கும். ஓடி ஒதுங்க இடமில்லாத ஆமை ஒரே மத்தியானத்தில் செத்துப்போகும். குளிரால் சாவதைவிட நம் ஊரில் இப்படிச் சாவதே அதிகம் நடக்கக்கூடியது.

தீனியில் நடக்கும் தவறு ஒன்றுதான்: அளவு மீறுவது. ஆளைக் கண்டதும் நீந்தி வந்து கழுத்தை நீட்டிக் கெஞ்சும். பசி என்று நினைத்துப் போட்டுக்கொண்டே இருப்போம். பசி இல்லாவிட்டாலும் அது கெஞ்சும். ஆமையின் தலை எவ்வளவோ அவ்வளவு பெல்லட் (கடையில் விற்கும் ஆமைத் தீனி) போதும். குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள். குட்டியில் புழு, பூச்சி, மீன் என்று தின்பது வளர வளரத் தழைக்கு மாறும். பொன்னாங்கண்ணி, முருங்கைக் கீரை, பூசணித் துருவல், மாட்டுக்கு வளர்க்கும் அசோலா எல்லாம் தரலாம். சோறு, பிரெட், பிஸ்கட், பால், உப்புக் கருவாடு ஆகாது. வெறும் இறைச்சியிலும் சுண்ணாம்புச் சத்து போதாது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல் நுரை (கணவாய் ஓடு) ஒரு துண்டைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் வேண்டியபோது கடித்துக்கொள்ளும். தீனியைத் தண்ணீருக்குள்ளேயே போடுங்கள். இதன் நாக்கு அசையாது. தண்ணீர் இல்லாமல் விழுங்க முடியாது. தனி வாளியில் வைத்துத் தீனி போட்டு, கால்மணி நேரம் கழித்துத் தொட்டியில் விட்டால் தொட்டித் தண்ணீர் பாதிதான் அழுக்காகும்.

வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குடிநீர்க் குழாய்த் தண்ணீரென்றால் குளோரின் போக ஒருநாள் திறந்த தொட்டியில் வைத்துவிட்டு ஊற்றுங்கள். கொசுப் புழுவைக் குட்டி ஆமை தின்னும். பெரிய ஆமை சட்டை செய்யாது. சிறிய பம்பு ஒன்றால் நீர்ப்பரப்பை எப்போதும் அசையவிட்டால் கொசு முட்டையிடுவது குறையும். டெங்கு ஒழிப்புக்கு வருபவர்களிடம் பேச்சு வாங்கவும் வேண்டாம். 10 செ.மீ.க்குக் குறைந்த குட்டிகளுக்கு மேலே கம்பிவலை கட்டாயம். காக்கை கொத்தித் தூக்கிவிடும். நாயும் கீரியும் பெரிய ஆமையையே கடித்துக் குதறும்.

இனி மண்தரைக்கு வருகிறேன். பெண் ஆமை ஆண் இல்லாமலேயே முட்டையிடும். நான்கைந்து வயதுக்கு மேல் ஒருநாள் அது தீனியைத் தொடாது, சுவரோரம் ஓயாமல் நடக்கும், பின்காலால் தரையைச் சுரண்டிப் பார்க்கும். வளர்ப்பவர்கள் நோய் என்று பயந்துபோவார்கள். ஓர் அடி ஆழத்துக்கு மணல் கலந்த இளக்கமான மண் இருந்தால் போதும். உடம்பில் தேக்கிய நீரைப் பீய்ச்சி மண்ணை நனைத்து, பின்கால்களை மாற்றி மாற்றி அகப்பையாக்கிக் குடம்போலக் குழி பறிக்கும். இவ்வளவையும் திரும்பிப் பார்க்காமலேயே செய்யும். ஒவ்வொரு முட்டை விழுந்ததும் பின்காலால் மெல்ல நகர்த்தி இடம் ஒதுக்கும். முடித்துவிட்டு மண்ணைத் தள்ளி, அடிவயிற்றால் அழுத்தி மட்டமாக்கும்; குழி இருந்த இடமே தெரியாது. ஆமை வளர்ப்பில் இதைவிடப் பெரிய காட்சி கிடையாது. மண் கிடைக்காத ஆமையோ முட்டையை உள்ளேயே அடக்கிவைக்கும். அது உயிருக்கு ஆபத்து.

ஆணுடன் சேர்ந்த பெண் இட்ட முட்டைகளைப் பொரிக்கவிடாதீர்கள். மண்ணின் வெப்பத்தைப் பொறுத்தே குட்டி ஆணா பெண்ணா என்பது அமைகிறது. 26 டிகிரியில் எல்லாம் ஆண், 31 டிகிரியில் எல்லாம் பெண். நம் வெயிலில் பெரும்பாலும் பெண்ணாகவே பொரிக்கும். அத்தனைக்கும் தலா 400 லிட்டர் தண்ணீர் யாரிடம் இருக்கிறது? இட்ட அன்றே எடுத்து உறையவைத்துப் புதைத்துவிடுவதே சரி.

ஓட்டிலிருந்து மெல்லிய கண்ணாடித்தாள் போன்ற செதில் உரிந்தால் பயம் வேண்டாம், அது வளர்ச்சி. வெள்ளையாகக் குழிவிழுந்து நாற்றமடித்தால் ஓட்டழுகல். ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்து மூக்கில் குமிழி வந்தால் நுரையீரல் கோளாறு. கண் வீங்கி மூடிக்கொண்டால் வைட்டமின் ஏ குறைவு காரணமாக இருக்கலாம். எதற்கும் கைவைத்தியம் வேண்டாம். வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் எது அருகிலோ அங்கே கொண்டுபோங்கள். ஓட்டுக்கு எண்ணெய் தடவுவதும் பெயின்ட் அடிப்பதும் கேடு. ஓட்டுக்கும் தொடு உணர்வு உண்டு. சால்மோனெல்லா கிருமி ஆரோக்கியமான ஆமையிலும் இருக்கும். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தொடக்கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் கையில் ஆமையைக் கொடுக்கவே கூடாது.

இத்தனையும் எழுதக் காரணம், முடியாதபோது பலர் செய்யும் ஒரு காரியம். நாற்றம் தாங்கவில்லை என்றோ, 'ஆமை புகுந்த வீடு விளங்காது' என்று பெரியவர்கள் சொன்னார்கள் என்றோ, புண்ணியம் என்று நினைத்தோ கோயில் குளத்திலும் ஏரியிலும் கொண்டுபோய் விடுகிறார்கள். உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் செங்காது ஆமை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1997லேயே இதன் இறக்குமதியை நிறுத்தியது. நம் பால் ஆமையின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் இது பிடித்துக்கொள்ளும், நோயையும் பரப்பும். கேரளத்தில் திருச்சூர் பகுதி நீர்நிலையில் 2018ல் இது கண்டெடுக்கப்பட்ட பின், பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் இவற்றை மக்களிடமிருந்து பெற்றுக்கொள்ள முன்வந்தது.

அதே ஏற்பாடு நம் மாநிலத்திலும் எல்லா மாவட்டங்களிலும் வேண்டும். வனத்துறையோ கால்நடைத் துறையோ, வளர்க்க முடியாதவர்கள் கேள்வி கேட்கப்படாமல் ஒப்படைக்கும் இடம் ஒன்றை அறிவிக்க வேண்டும். கடைகளில் குட்டி ஆமைத் தொட்டியின் மேலேயே 'இது ஓர் அடி வளரும், 30 ஆண்டு வாழும், 400 லிட்டர் தண்ணீர் வேண்டும்' என்று எழுதி ஒட்டுவதைக் கட்டாயமாக்க வேண்டும். விடுமுறை விற்பனை தொடங்கும் முன் இந்தக் கோரிக்கையைத் தங்கள் நாளிதழ் அரசின் பார்வைக்குக் கொண்டுசெல்ல வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஆமை வளர்க்கும் வாசகர்கள் சிலர்,
திருச்சி.