உன் மெட்டில் பாதி தொலைந்துவிட்டது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, ஒத்திகை. ஆமாம், நம் நகர நாடகத்தை மறுபடியும் மேடையேற்றப் போகிறேன். சிரிக்காதே. நான் நடிக்கவில்லை, என் முட்டி அதற்கெல்லாம் சம்மதிக்காது. நடிப்பவர்கள் எல்லாரும் இருபதுகளில் இருக்கும் பிள்ளைகள். நாம் இதை முதலில் போட்ட வருஷத்தில் அவர்களில் பாதிப் பேர் பிறக்கவே இல்லை.

வேலையை விட்ட பிறகு நாள் நீண்டு கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். அதற்கு மருந்து சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் கடிதத்தின் கடைசியில் உன்னிடம் ஒரு வேலை வாங்கப் போகிறேன், அதுவரை பொறுமையாகப் படி.

பிரதி என் பழைய பெட்டியிலேயே கிடைத்தது, ஓரமெல்லாம் உன் கிறுக்கலோடு. வசனம் ஒரு வரி குறையாமல் இருக்கிறது. நாடகம்தான் அதில் இல்லை. மூன்றாம் காட்சியில் 'கூட்டம் கலைகிறது' என்று ஒரே வரி. மேடையில் அது நான்கு நிமிஷம் ஓடியது. யார் எங்கிருந்து வந்தார்கள், யார் யாரைத் தாண்டிப் போனார்கள், ஒரு குறிப்பும் கிடையாது. பாட்டுக்கு ஸ்வரம் எழுதுவது போல அசைவையும் எழுதி வைக்கலாம். ருடால்ஃப் லாபான் என்ற நடன அமைப்பாளர் 1928இலேயே அதற்கு ஒரு குறியீட்டு முறையை வெளியிட்டார். கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும், குறியின் நீளத்தை வைத்து அசைவு எவ்வளவு நேரம் என்று தெரிந்துகொள்ளலாம். தெரிந்திருந்தால் மட்டும் நாம் எழுதியிருப்போமா என்ன? சாக்பீஸால் தரையில் கோடு போட்டோம், மறுநாள் காலையில் யாரோ பெருக்கித் தள்ளிவிட்டார்கள்.

நினைவில் இருந்ததை வைத்து அந்தக் காட்சியைக் கட்டப் பார்த்தேன். ஒவ்வொருவருக்கும் எண் கொடுத்து, நீ எட்டு அடி, நீ பன்னிரண்டு அடி என்று. பார்க்க அணிவகுப்பு மாதிரி இருந்தது. அசைவுப் பயிற்சி தரும் பெண் இரண்டு நாள் வாயைத் திறக்காமல் பார்த்தாள். மூன்றாம் நாள் எண்களையெல்லாம் தூக்கிப் போடச் சொன்னாள். ஏழு பேரை இந்தப் பக்கம், ஏழு பேரை அந்தப் பக்கம் நிறுத்தி, "எதிர்ப்பக்கம் போய்ச் சேருங்கள், யாரையும் இடிக்காதீர்கள்" என்றாள். அவ்வளவுதான். நான்காவது தடவைக்குள் அவர்களாகவே வரிசை வரிசையாகப் பிரிந்து, ஒருவர் பின்னால் ஒருவராகப் போக ஆரம்பித்தார்கள். நெரிசலான நடைபாதையில் நாம் எல்லாரும் தினமும் செய்வது இதுதானாம். 1995இல் ஹெல்பிங், மோல்னார் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணினியில் வெறும் புள்ளிகளை எதிரெதிரே நடக்கவிட்டுப் பார்த்தபோதும் இதே வரிசைகள் தாமாகவே உருவாகியிருக்கின்றன. யாரும் சொல்லித்தராத ஒழுங்கு. அந்தக் காலத்தில் நாமும் எண் போட்டுச் செய்யவில்லை என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இடம் சின்னது, ஆள் அதிகம், இடிக்காமல் போனோம், அது நடனமாகத் தெரிந்தது!

இசைக்கு வருகிறேன். அன்று நம்மிடம் இருந்தது ஒரு கேசட். இந்த முறை நான்கு பேர் நேரடியாக வாசிக்கிறார்கள்: டிரம், வயலின், புல்லாங்குழல், ஆர்மோனியம். முதலில் அவர்களை அரங்கின் பின்கோடியில், பார்வையாளர்களுக்குப் பின்னால் உட்காரவைத்தேன். என் மூளைக்கு அது பெரிய புதுமையாகப் பட்டது. ஆனால் ஒவ்வொரு அடியும் தாளத்துக்குப் பிந்தியே விழுந்தது. பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் டிரம்காரர்தான் கணக்கு சொன்னார். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று மில்லி விநாடி ஆகும். இருபது மீட்டர் தள்ளி உட்கார்ந்து அடித்தால் அறுபது மில்லி விநாடி கழித்துத்தான் நடிகர் காதில் விழும். கேட்டு, காலை வைத்து, அந்தக் காலடிச் சத்தம் திரும்ப டிரம்காரருக்கு வந்து சேர்வதற்குள் இன்னொரு அறுபது.

அன்றே நால்வரையும் மேடைக்குக் கொண்டுவந்தேன், நடிகர்களுக்குப் பின்னால், எல்லார் கண்ணிலும் படும்படி. கூத்துக்காரர்கள் காலங்காலமாக அப்படித்தான் உட்கார்ந்து பின்பாட்டுப் பாடுகிறார்கள். 1928இல் பெர்லினில் நாடகாசிரியர் பிரெக்டும் இசையமைப்பாளர் குர்ட் வைலும் தங்கள் இசை நாடகத்துக்கு ஏழு பேர் கொண்ட குழுவை மேடையிலேயே ஏற்றினார்கள். நான் ஒரு வாரம் வீணாக்கிய பிறகு அங்கே வந்து சேர்ந்தேன். இப்போது டிரம்காரர் நடிகர்களின் குதிகாலைப் பார்த்தே வாசிக்கிறார்.

பழையதாகிப்போன இடங்களும் இருக்கின்றன. பொதுத் தொலைபேசிக்கு வரிசையில் நிற்கும் காட்சியை எடுத்துவிட்டேன், உனக்கு வருத்தமாக இருக்கும், எனக்கும்தான். அந்த இடத்தில் ஆளுக்கொரு செல்போனைக் கொடுத்து, இருட்டில் முகத்தில் மட்டும் வெளிச்சம் விழவைக்கலாம் என்று ஒரு பையன் யோசனை சொன்னான். வேண்டாம் என்றேன். அந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. ஆனால் அலுவலகக் காட்சியில் தட்டச்சு இயந்திரத்தை விடவில்லை. வரி முடியும்போது அடிக்கும் அந்த மணியைப் பிள்ளைகள் யாரும் நேரில் கேட்டதே இல்லை! 1917இல் பாரிஸில் எரிக் சாத்தி என்ற இசையமைப்பாளர் ஒரு பாலே நடன நாடகத்தில் தட்டச்சு இயந்திரத்தை இசைக்கருவியாகச் சேர்த்தார் என்று அவர்களிடம் பெருமையடித்தேன். இப்போது டிரம்காரரே அதையும் வாசிக்கிறார், மணியைத் தாளத்தின் கடைசி அடியில் கொண்டுவந்து நிறுத்துகிறார். நாம் போட்டதைவிட நன்றாக இருக்கிறது, சொல்ல மனசில்லாமல் சொல்கிறேன்.

சரி, உன் காட்சி. எல்லாரும் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவன் மட்டும் நடுவில் நின்றுவிடுவான். அப்போது கேசட் நாற்பது விநாடி மௌனமாக இருக்கும், நாற்பத்தோராவது விநாடியில் சைரன் வரும், நீ நகர்ந்தே ஆக வேண்டும். எத்தனை இரவு நீ அதற்காக என்னோடு சண்டை போட்டாய்! இன்னும் கொஞ்சம் நிற்க வேண்டும் போலிருக்கிறது என்பாய், கேசட் நிற்காதே என்பேன்.

இப்போது அங்கே ஒரு பெண் நிற்கிறாள். எவ்வளவு நேரம் என்பதை அவளே முடிவு செய்யலாம், நால்வரும் காத்திருப்பார்கள். போன வியாழக்கிழமை ஒத்திகையில் அவள் நகரவே இல்லை. டிரம்காரரின் கை அந்தரத்திலேயே நின்றது. ஓரத்தில் இருந்தவர்கள் தண்ணீர் குடிப்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள். எழுபது விநாடி எண்ணினேன், அப்புறம் எண்ண மறந்துவிட்டேன். நீ கேட்டது இதைத்தான் என்று இத்தனை வருஷம் கழித்துப் புரிந்தது.

அவள் நகரும்போது உன் மெட்டு வர வேண்டும். மூன்றாம் நாள் காட்சியில் கேசட் சிக்கிக்கொண்டு சைரன் வராமல் போனதே, நின்ற இடத்திலேயே நீ ஏதோ முனகினாயே, அது. மீதிக் காட்சிகளிலும் அதையே வைத்துக்கொண்டோம், ஒருவரும் எழுதி வைக்கவில்லை. முதல் இரண்டு வரியை வயலின்காரருக்குப் பாடிக் காட்டினேன். மூன்றாவது வரியில் எனக்கு வேறு ஏதோ பாட்டு வந்து கலந்துவிடுகிறது. அவர் இரண்டு வரியை எழுதிவிட்டு, மீதித் தாளைக் காலியாக மடித்து வயலின் பெட்டியில் வைத்திருக்கிறார்.

மேடையேற்றம் அடுத்த மாதம் இரண்டாம் வாரம். நீ வந்தால் முன்வரிசையில் இடம் உண்டு. வர முடியாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த மெட்டை முழுசாக முனகி, செல்போனில் பதிவு செய்து அனுப்பு. மூச்சு வாங்கிய இடத்தையும் விடாதே, அங்கேதான் அவள் அடி எடுத்து வைக்கிறாள். குரல் சரியில்லை என்று காரணம் சொல்லாதே. அன்றைக்கும் உனக்குச் சளிதான்.

அன்புடன்,
உன் பழைய இயக்குநர்