ஏலம் அல்ல, பந்தி

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்கக் கால்பந்து பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இந்த ஆட்டத்தைப் பற்றி ஒருவர் எழுதினாரே என்று சந்தோஷம்தான். ஆனால் அங்குள்ள தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். நடத்தும் டிராஃப்டை ‘அமெரிக்காவின் ஐபிஎல் ஏலம்’ என்று சொன்னதும், சீசன் முடிந்த பிறகு யாரை எடுப்பது என்று ரசிகர்கள் அடித்துக்கொள்வதை ‘வேலையற்ற வாதம்’ என்று ஒதுக்கியதும் சரியில்லை. பன்னிரண்டு வருடமாக விஸ்கான்சினில், கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் ரசிகர்கள் நடுவில் குடியிருக்கிறேன். அந்த வேலையற்றவர்களில் நானும் ஒருவன்.

ஏலத்தில் பணம் பேசும். ஏப்ரலில் நடக்கும் டிராஃப்டில் யாரும் விலை கேட்பதில்லை. கல்லூரியிலிருந்து வரும் ஆட்டக்காரர்களை 32 அணிகளும் ஏழு சுற்றுகளில் முறைவைத்து எடுக்கும். முந்தைய சீசனில் கடைசியில் நின்ற அணிக்கு முதல் இலை. கோப்பை வாங்கிய அணிக்குக் கடைசி இலை. எத்தனையாவது இடத்தில் எடுக்கப்பட்டார் என்பதை வைத்தே ஏறக்குறைய சம்பளமும் முடிவாகிவிடும். ஏலத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது மார்ச்சில் நடக்கும் ஃப்ரீ ஏஜென்சிதான். ஒப்பந்தம் முடிந்தவரை எந்த அணியும் பேசி எடுக்கலாம். ஆனால் சம்பள உச்சவரம்பு எல்லோருக்கும் ஒன்றே. 2025இல் அது 27.92 கோடி டாலர்.

கட்டுரையாளர் இந்த இரண்டையும் இரண்டு தனித்தனிக் கடைகளாகப் பார்க்கிறார். எங்கள் சண்டை முழுக்க இரண்டுக்கும் நடுவில்தான். வீட்டில் உப்பு தீர்ந்தது ஊருக்கே தெரிந்த பிறகு சந்தைக்குப் போனால் கடைக்காரர் சொன்னதுதான் விலை. மார்ச்சில் அணியில் உள்ள ஓட்டையை அடைத்துவிட்டால், ஏப்ரலில் பதற்றம் இல்லாமல் இருப்பதில் சிறந்தவரை எடுக்கலாம். 2018இல் பேக்கர்ஸ் ஆறு ஆட்டம்தான் ஜெயித்தார்கள். அடுத்த மார்ச்சில் ஸடேரியஸ் ஸ்மித், பிரெஸ்டன் ஸ்மித், ஏட்ரியன் ஏமோஸ், பில்லி டர்னர் என்று நான்கு பேரை வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். அந்த சீசனில் 13 வெற்றி. அதற்கு முன்பு பல வருடம் மேலாளராக இருந்த டெட் தாம்ப்சன் இதற்கு நேர் எதிர். வெளியாள் என்றாலே கை நீளாது. நீண்டபோது சார்லஸ் வுட்சன் போன்றவர் வந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்புறம் என் கதை. 2020 ஏப்ரல், கொரோனா முடக்கம், வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பேக்கர்ஸ் முந்தைய சீசனில் 13 வெற்றி, 3 தோல்வி. பந்தை எறியும் குவார்ட்டர்பேக் ஏரன் ராட்ஜர்ஸுக்கு 36 வயது. பந்தைப் பிடிக்க நல்ல ரிசீவர் இன்னும் ஒருவர் இருந்தால் போதும் என்று ஊரே சொல்கிறது. பேக்கர்ஸ் எடுக்கும் வரிசையில் 30ஆம் இடத்திலிருந்து 26க்கு ஏறிப்போய் எடுத்தது யாரை? இன்னொரு குவார்ட்டர்பேக், ஜோர்டன் லவ். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் தூங்கிய குழந்தை எழுந்துவிட்டது. அந்த வருடம் மொத்தம் ஒன்பது பேரை எடுத்தார்கள், ஒருவர்கூட ரிசீவர் இல்லை. லவ் மூன்று வருடம் பெஞ்சில் உட்கார்ந்தார். 2024 ஜனவரியில் அதே லவ் டாலஸ் போய் கௌபாய்ஸை 48-32 என்று அடித்தபோது, நான் 2020இல் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையெல்லாம் நண்பர் தேடி எடுத்து எனக்கே திருப்பி அனுப்பினார். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதிதான். 2021 ஜனவரியில் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலுக்கு ஒரு படி முன்னால் டாம்பா அணியிடம் 31-26 என்று தோற்றார்களே, அன்று இன்னொரு ரிசீவர் இருந்திருந்தால் என்று இன்றைக்கும் சொல்வேன்.

2025 ஏப்ரலில் டிராஃப்ட் கிரீன் பேயிலேயே நடந்தது. சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் ஊர். பேக்கர்ஸின் லாம்போ மைதானத்தைச் சுற்றி நிற்க இடம் கிடைத்ததே பெரிது. 23ஆம் இடத்தில் மேத்யூ கோல்டன் பெயரை அறிவித்தார்கள். 2002க்குப் பிறகு பேக்கர்ஸ் முதல் சுற்றில் எடுத்த முதல் ரிசீவர். பக்கத்தில் பேக்கர்ஸ் ரசிகர்கள் போடும் பாலாடைக்கட்டித் தொப்பியோடு நின்ற முன்பின் தெரியாத பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். நானும் கத்தினேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது: ஜோர்டி நெல்சன், ராண்டல் காப், டவான்டே ஆடம்ஸ் எல்லோரும் இரண்டாம் சுற்றில் கிடைத்தவர்கள். ரிசீவரை இரண்டாம் சுற்றில் கண்டுபிடிக்கத் தெரிந்த அணிக்கு முதல் சுற்றில் எதற்கு ரிசீவர்? மூன்றாம் சுற்றில் இன்னொரு ரிசீவர் வேறு. எதிரணி ரிசீவரைத் தடுக்கும் கார்னர்பேக்கோ ஏழாம் சுற்றில் ஒரே ஒருவர். ஜூனில், இருந்த கார்னர்பேக் ஜைர் அலெக்சாண்டரையும் அனுப்பிவிட்டார்கள்.

ஆகஸ்டில் நடந்தது வேறு கதை. எதிரணி குவார்ட்டர்பேக்கைத் துரத்தி வீழ்த்தும் மைக்கா பார்சன்ஸ் டாலஸிலிருந்து வந்தார். பதிலுக்குக் கொடுத்தது தடுப்பாட்டக்காரர் கென்னி கிளார்க்கையும், 2026, 2027 இரண்டு வருட டிராஃப்டில் முதல் சுற்றில் எடுக்கும் முறையையும். ஒப்பந்தம் நான்கு வருடம், 18.8 கோடி டாலர். டிசம்பரில் டென்வரில் அவர் முழங்கால் போனது. அணி அப்படியே சரிந்து, தோற்றால் வெளியேறும் பிளேஆஃபில் சிகாகோவிடம், அதுவும் இடைவேளையில் 21-3 என்று முன்னால் இருந்துவிட்டு, தோற்றது. இப்போது அலுவலகத்தில் பாதிப் பேர் ‘இரண்டு வருட முதல் சுற்றைத் தூக்கிக் கொடுத்தாயிற்று’ என்று புலம்புகிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. முதல் சுற்றில் எடுக்கிறவர்களில் பாதிப் பேர்கூடப் பார்சன்ஸ் பக்கம் வரமாட்டார்கள். காயம் யாருக்கும் வரும்.

ஆனால் முதல் சுற்று கையில் இல்லாத வருடத்தில் மார்ச்சில் செய்கிற தவறை ஏப்ரலில் திருத்த முடியாது. ரிசீவர் ரோமியோ டூப்ஸ் ஒப்பந்தம் 2025 சீசனோடு முடிகிறது. போகட்டும், ஆட்கள் இருக்கிறார்கள். போகிறவர்கள் வருகிறவர்களைவிட அதிகம் என்றால் அடுத்த வருட டிராஃப்டில் ஈடாகக் கூடுதல் முறைகள் கிடைக்கவும் வாய்ப்புண்டு. கார்னர்பேக் மட்டும் மார்ச்சிலேயே ஒருவர் வேண்டும், பெரிய விலை இல்லாமல். அப்புறம் இரண்டாம் சுற்றில் எவர் மிஞ்சியிருந்தாலும் எடுக்கட்டும், வாயைத் திறக்கமாட்டேன்.

இதில் எனக்கென்ன உரிமை என்று கட்டுரையாளர் கேட்கலாம். பேக்கர்ஸுக்குத் தனி முதலாளி கிடையாது, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள். கடைசி முறை பங்கு விற்றபோது 300 டாலர் கொடுத்து நானும் ஒன்று வாங்கினேன். லாபம் தரமாட்டார்கள், விற்கவும் முடியாது. பங்குப் பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். ‘300 டாலருக்கு ஒரு காகிதம்’ என்பது என் மனைவியின் கருத்து.

2026 டிராஃப்ட் பிட்ஸ்பர்க்கில். முதல் சுற்று நடக்கும் வியாழக்கிழமை எங்கள் அணிக்கு முறை இல்லை, எங்களுக்கும் வேலை இல்லை. இரண்டாம் சுற்று வெள்ளிக்கிழமை. ஓய்வுபெற்ற சக ஊழியர் ஒருவர் வீட்டில் கூடுகிறோம். அவர் ‘தேவை பார்க்காதே, ஆளைப் பார்’ கட்சி. புளியோதரை என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஆப்பிள்டன், விஸ்கான்சின்